லோகன் சட்டமும் 47 கையெழுத்தும்

2015 மார்ச்சில் 47 அமெரிக்க செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். ஒபாமா அரசு அணு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். செனட் ஒப்புதல் இல்லாததை அடுத்த அதிபர் ரத்து செய்துவிடலாம் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

உடனே 'லோகன் சட்டம், ஜெயில்' என்று பலர் கிளம்பினார்கள். எனக்கு அந்தச் சட்டத்தின் கதை ரொம்பப் பிடிக்கும். 1798இல் ஜார்ஜ் லோகன் என்ற மருத்துவர் தன்னிச்சையாக பிரான்சுக்குப் போய்ச் சமாதானம் பேசினார். கடுப்பான காங்கிரஸ் 1799இல் அதைக் குற்றமாக்கியது. மனுஷன் அடங்கினாரா? செனட்டராகவும் இருந்துவிட்டு, 1810இல் இதே வேலையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்! இந்தச் சட்டத்தில் இதுவரை யாரும் தண்டிக்கப்பட்டதில்லை.

அது தடுப்பது, அரசின் அதிகாரம் இல்லாமல் பேசுவதை. செனட்டரும் அரசில் ஒரு ஆள்தானே? உடன்படிக்கை என்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆனால் பேச்சுவார்த்தை நடத்துவது அதிபர் மட்டுமே என்றது 1936இல் உச்ச நீதிமன்றம்.

என்னைக் கேட்டால், அந்தக் கடிதம் குற்றமில்லை. அசிங்கம், அது வேற. பேச உட்கார்ந்த சொந்த அதிபரின் வாக்கை எதிராளியிடமே செல்லாக்காசாக்குவது அது. 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். செனட்டில் ஓட்டெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை.