காற்றுக்குப் பதில் சரிவு

சக்கரம் பூட்டிய பலகையில் ஏறி நின்று, பாய் பிடித்துக் காற்றின் வேகத்தில் தரையில் ஓடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெல்ஜியத்தின் டி பான் கடற்கரையில் உட்கார்ந்து ஓட்டும் பாய் வண்டிகள் நூறு வருடத்துக்கு மேலாக ஓடுகின்றன. நின்று ஓட்டும் பலகையைப் பிரபலமாக்கியவர் அர்னோ த ரோனே என்ற பிரெஞ்சுக்காரர். நாலு ரப்பர் டயர், கால் மாட்ட வார், கையில் பாய். 1979இல் இந்தப் பலகையில் ஏறி மொரிட்டானியாவிலிருந்து செனகலின் டாக்கர் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் போனார்.

நீலகிரியில் இதற்கு உறவு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஜெகதளாவுக்குப் போனேன். அருவங்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். “காத்து எதுக்குங்க? இங்க பலகையை ரோட்டுல வெச்சா அதுவே ஓடிப்போகும்.”

அவர் சொன்னது பேரிங் வண்டியை. பழைய லாரி பேரிங்குகளைச் சக்கரமாக மாட்டி, பலகையில் உட்கார்ந்து சரிவில் இறங்குகிற வண்டி. தமிழ்நாட்டில் மேடு இருக்கிற ஊரில் வளர்ந்த பையன்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சமவெளியில் தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும், மலையில் அதுவும் வேண்டாம்.

ஜெகதளா ஏற்றத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை. அதன் தச்சருக்கு அறுபது வயதிருக்கும். முன்பு தேயிலைப் பெட்டி அடித்தவர். ஃபேக்டரிகள் காகிதச் சாக்குக்கு மாறியபின் அந்த வேலை போய்விட்டது. இப்போது கதவு, ஜன்னல், கோழிக்கூடு. பள்ளி விடுமுறை வந்தால் பேரிங் வண்டி.

“எந்த மரம் ஐயா போடுறீங்க?”

“பலகைக்கு சில்வர் ஓக் தம்பி. தோட்டத்துல நெழலுக்கு நிக்கிறதுதான். லேசா இருக்கும், புள்ளைங்க மேல தூக்கிட்டுப் போவணும்ல. அச்சுக்கு அது ஆவாது, ஒடிஞ்சிரும். அச்சுக்குச் சீகைதான்.”

கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சுற்றிலும் கொட்டிக் கிடக்கிறதே என்றேன். அது காயக் காய முறுக்கிக்கொள்ளும், நேராக ஓடுகிற வண்டிக்கு முறுக்கின அச்சு எதற்கு என்று கேட்டார்.

பேரிங் கொடுப்பவர் அருவங்காட்டில் லாரி மெக்கானிக். தச்சருக்கு மச்சான் முறை, அதனால் பேச்சில் பாதி கிண்டல்தான். பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைப் படிக்க அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். 6205 என்றால் துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52. 6305க்கும் துளை அதே 25தான், வெளிவட்டம் மட்டும் 62. பெரிய வட்டம் ரோட்டுக் குழியில் அவ்வளவு சீக்கிரம் மாட்டாது என்பதால் முன்னச்சுக்கு 6305 தேடி எடுத்துத் தருவாராம்.

அந்தத் துளைக்குள் மரத்தை இறுக்குவதில்தான் தச்சரின் கை தெரிகிறது. அச்சின் முனையை உளியால் உருட்டிச் செதுக்கி, துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக விடுகிறார். செதுக்கிய முனையில் ரம்பத்தால் குறுக்கே ஒரு கீறல். பேரிங்கை மேலே வைத்து, அதன் மேல் கட்டையை வைத்து, கட்டையில்தான் சுத்தியல் அடி. இரும்பை நேராக அடித்தால் உள்ளே இருக்கும் குண்டுகள் கெட்டுவிடும். பேரிங் உட்கார்ந்ததும் கீறலில் ஓர் ஆப்பை இறக்குகிறார். மரம் விரிந்து பிடித்துக்கொள்கிறது. மழை மாதத்தில் மரம் ஊதி இன்னும் இறுகும். மார்ச், ஏப்ரலில் சுருங்கும். கோடை விடுமுறையில் பேரிங் கழன்று தனியாக உருண்டு போவது இதனால்தான். ஆப்பை வாரம் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார், எந்தப் பையனும் தட்டுவதில்லை.

முன்னச்சு நடுவில் ஒரே போல்ட்டில் திரும்பும். மேலும் கீழும் வாஷர், அடியில் இரட்டை நட்டு. ஒற்றை நட்டு போட்டால் அதிர்வில் கழன்றுவிடும். அச்சின் இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருக்கும். ஆனால் உண்மையான ஸ்டியரிங் கால்தான், கயிறு பேருக்கு.

லாங்போர்டு என்ற நீள ஸ்கேட்போர்டின் சக்கரம் ஒன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். இந்த வகைப் பாலியூரித்தேன் சக்கரம் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவரால் ஸ்கேட்போர்டுக்கு வந்தது. அதுவரை களிமண், இரும்புச் சக்கரங்களில் ஓடி, சிறு கல் தட்டினாலே குப்புற விழுந்துகொண்டிருந்த விளையாட்டு அதற்குப் பிறகுதான் பிழைத்தது. இன்று சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கேட்போர்டில் பறப்பதற்கும் அந்தச் சக்கரம்தான் காரணம். தச்சர் அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். “நல்லா புடிக்கும் போலிருக்கே” என்றார். மச்சானுக்குச் சம்மதமில்லை. பேரிங் வண்டி வருகிற சத்தம் அடுத்த வளைவு வரைக்கும் கேட்கும், அதுதான் ஹாரன். ரப்பர் மாட்டினால் பூனை மாதிரி வரும், எதிரே வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் நனைந்த தார் ரோட்டில் இரும்புக்குப் பிடிப்பு கிடையாது. திருப்பினால் அச்சு திரும்பும், வண்டி நேரே போகும். என் ஓட்டு ரப்பர் பக்கம்தான். ஹாரனுக்கு ஒரு சைக்கிள் மணி போதும்.

பாய் வண்டிக்கும் பேரிங் வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சக்கரத்தில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. பாய்ப் பலகையில் பயம் வந்தால் பாயைக் கையிலிருந்து விட்டுவிடலாம், காற்றுக்கு எதிரே திருப்பலாம். இழுக்கிற விசை போய்விடும். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் உப்பு ஏரியில் கிளென் ஆஷ்பி என்பவர் பாய் வண்டியில், மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகக் காற்றில், மணிக்கு 222 கிலோமீட்டர் போனார். அவருக்கும் நிற்பதற்கு முன்னால் வெறும் தட்டை நிலம் கிலோமீட்டர் கணக்கில் கிடந்தது. சரிவைக் கைவிட முடியாது. உயரத்தில் 10 மீட்டர் இறங்கினாலே, உராய்வைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். உராய்வு அதில் பாதியைத் தின்றாலும் மிச்சமிருப்பது ஒரு பையனின் முழங்காலுக்கு அதிகம்.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பது இந்த மலையின் ரயில். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாதை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுகிறது. அங்கே இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது, தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம் இருக்கிறது, அதற்கும் மேல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். 1899லிருந்து குன்னூர் வரை அந்த ரயில் வந்து போவது வேகத்தால் அல்ல. அதே சரிவுள்ள ரோட்டில் நான் சொன்ன 10 மீட்டர் இறக்கத்துக்கு 120 மீட்டர் தூரம் போதும். பேரிங் வண்டியின் பிரேக்கோ, பெரும்பாலும் ரப்பர் செருப்பின் குதிகால்.

தச்சரிடம் இதைத்தான் அதிக நேரம் பேசினேன். அவர் பழைய வண்டி ஒன்றைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். பலகையின் பின்பக்கம் ஒரு நெம்புகட்டை, அதன் அடியில் லாரி டயர்த் துண்டு ஆணி அடித்து ஒட்டியிருந்தது. கையால் மேல் முனையை இழுத்தால் டயர் ரோட்டில் அழுந்தும். ஆணித் தலைகளை ரப்பருக்குள் ஆழமாக இறக்கியிருந்தார். டயர் தேய்ந்து ஆணி ரோட்டைத் தொட ஆரம்பித்தால் வழுக்கும், அப்போது துண்டை மாற்ற வேண்டும். “இதைப் போட்டா நூறு ரூவா கூடுதல். வேணாம்பானுங்க. ஸ்டைல் போயிருமாம்.”

உள்ளூர்ப் பையன்கள் ஒரு தடவை தார்ப்பாயை மூங்கிலில் கட்டி, மைதானத்தில் பாய் வண்டியும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். நாலு அடி போனது, பக்கவாட்டில் சாய்ந்தது. மலைக் காற்று ஒரு திசையில் வராது. மேடும் மரவரிசையும் அதை உடைத்து உடைத்து அனுப்பும். பாய்க்குத் தடையில்லாத தட்டை நிலம் வேண்டும். நம் கடற்கரையிலும் அது எளிதல்ல. டி பானில் கடல் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால் வற்றும்போது இறுகின ஈரமணல் அகலமாக விரிகிறது. தமிழகக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆரல்வாய்மொழியில் காற்று உண்டு, ஓடத் தளம் இல்லை. நமக்குக் கிடைத்தது சரிவுதான்.

சரிவில் இறங்குகிறவர்களுக்குப் பட்டறையில் கேட்டதையும் நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரியவர்களின் ஹெல்மெட் சிறுவர் தலையில் ஆடும். ஆடினால் அது இல்லாத மாதிரிதான், சைக்கிள் ஹெல்மெட் அளவு பார்த்து வாங்குங்கள். கையுறை அவசியம், விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை. செருப்பு வேண்டாம், ஷூ. வளைவில் கண்ணுக்குத் தெரியும்படி ஒருவன் விசிலோடு நிற்க வேண்டும். அவன் கை தூக்காமல் மேலே யாரும் பலகையில் உட்காரக் கூடாது. மூடுபனி இறங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அந்தி சாய்ந்தாலும் அப்படியே, இங்கே ரோட்டுக்கு வருவது மினிபஸ் மட்டுமல்ல, காட்டுமாடும் கரடியும்தான்.

வண்டி ஓடுகிற சாலையில் இது கூடவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தடை போட்டால் பையன்கள் இருட்டில் ஓட்டுவார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஆகவே பேரூராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஒரே ஒரு துண்டு ரோட்டை இரண்டு பக்கமும் அடைத்து, வளைவில் பழைய டயர்களை அடுக்கிக் கொடுங்கள். சரிவு முடிகிற இடத்தில் ரோடு சற்று ஏறுவதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வண்டி தானாகவே நிற்கும். பெற்றோருக்கு: பிள்ளை வண்டி கேட்டால் அந்த நூறு ரூபாயைச் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.