ஞாபகம் தப்பிய யந்திரம்

மின்சாரம் போவதைப் பற்றி நமக்கு அவ்வளவாகப் புகார் கிடையாது. போனால் போகட்டும், வீட்டில் பனை விசிறி இருக்கிறது, வெளியே திண்ணை இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேச நாலு பேர் இருக்கிறார்கள். போன மின்சாரம் திரும்பி வருகிறதே, அந்தச் சமயத்தில்தான் நமக்கு வயிற்றைக் கலக்குவது வழக்கம். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்களையோ, நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களையோ, கிணற்றில் மோட்டார் இறக்கியிருக்கும் எந்தக் குடியானவரையோ கேட்டுப் பாருங்கள், இதையே சொல்வார்கள். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள், எங்கோ ஒரு கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துபோன காரணத்தால் 400 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட வந்து நுழைந்தால், எந்தச் சாமான்தான் பிழைக்கும்?

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. 1937இல் அங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். இப்படி மின்சாரத்தின் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், 2012ஆம் வருஷத்தில் நம் பக்கத்து ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின் தொகுப்பு சரிந்து, கோடானு கோடி ஜனங்கள் இருட்டில் தவித்தார்கள். தென்னாட்டு மின் தொகுப்பு அதனுடன் முழுமையாக இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31இல்தான்; ஆகையால் அந்த விபத்து நம்மைத் தொடவில்லை. உண்மையில் நமக்கு அது தேவைப்படவும் இல்லை! மணிக்கணக்காக மின்சாரம் நின்றுபோவது இங்கே அன்றாட வழக்கமாகவே இருந்தது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் 2010இல் வாங்கியது. 2012ஐ முழுவதும் தாக்குப் பிடித்த அந்த யந்திரம், 2018 மே மாதத்தில் ஒரே ஒரு கோடை மழைக்குப் படுத்துவிட்டது.

படுத்தது வெறும் யந்திரம் மட்டுமானால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டோம். அதற்குள்ளே ஒரு பெரியவரின் குரல் இருந்தது. 1925இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய காலத்தில் அவர் சிறு பையன். ஆசிரமத்திலிருந்து 1929இல் வெளிவரத் தொடங்கிய 'விமோசனம்' பத்திரிகையை, எழுத்து வாசனை இல்லாத தம் தகப்பனாருக்கு உரக்கப் படித்துக் காட்டியவர். பிற்பாடு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, பல்லாரிக்கு அருகிலுள்ள அலிபுரம் சிறையில் களி தின்றவர். 2011இல், தொண்ணூற்றொரு வயதில், அவர் பேசப் பேச நாம் பதிவு செய்துகொண்டோம். மொத்தம் பதினோரு மணி நேரப் பேச்சு. அதில் மூன்று மணி நேரத்தைத்தான் அதுவரை காகிதத்தில் எழுதி முடித்திருந்தோம். பெரியவர் 2014இல் காலமாகிவிட்டார்.

பதிவுக்கு மறுபிரதி எடுத்து வைத்தீர்களா என்று நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம்" என்று ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். பதிவு செய்த சிறு கருவியிலிருந்த மூலத்தையும், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாப் பாட்டுகளைப் பதிவதற்காக அழித்துவிட்டோம்.

அந்த மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் புழுதிக் காற்று எழும்பிற்று. திருச்செங்கோட்டு மலை மின்னலில் ஒரு தடவை பளிச்சென்று தெரிந்து மறைந்தது. அதோடு விளக்கும் போயிற்று. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன, கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு இரவும் ஒரு பகலும் மின்சாரம் இல்லை. நம் மனைவி முன்யோசனையாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்தாள். நாமோ, கம்ப்யூட்டருக்குத்தான் யு.பி.எஸ். இருக்கிறதே என்ற மிதப்பில் இருந்துவிட்டோம். அந்த யு.பி.எஸ்.ஸின் பேட்டரி கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு உயிரை விட்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மின்சாரம் வந்தது. ஸ்விட்சைப் போட்டோம். விசிறி சுற்றிற்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி ஆங்கிலம் தோன்றி, எஃப் 1 அல்லது எஃப் 2 சாவியை அழுத்தச் சொல்லிற்று. நாம் எஃப் 2ஐ அழுத்தினோம். விண்டோஸ் சின்னம் அழகாகத் தோன்றியது. உடனே நீலமாக ஏதோ ஒன்று கண் இமைக்கும் நேரம் தெரிந்து மறைந்து, யந்திரம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி நாலு வரி, மறுபடி சின்னம், மறுபடி நீலம். செக்கு மாடு தோற்றது!

டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரப் பிள்ளை நல்ல சுறுசுறுப்பானவன்; ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பளித்துவிட்டான். "டிஸ்க் போச்சு சார். பார்மட் பண்ணிப் பார்க்கலாம். சரிவரலேன்னா புது டிஸ்க்." பார்மட் என்றால் சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பது மாதிரி என்பது நமக்கும் தெரியும். அவன் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, கடைசியாகத்தான் கேட்டான்: "உள்ளே முக்கியமா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

யந்திரத்தை ஆட்டோவில் வைத்து வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

அன்று மாலையில் பெரியவரின் மகள் வந்தார். அவருக்கே அறுபது வயதுக்கு மேல். "தம்பி, எங்க ஐயன் நெனப்பு நாள் வருது. பேரம் பேத்திகளெல்லாம் வருவாங்க. ஐயன் கொரலை ஒருக்காக் கேக்கோணும்" என்றார். "யந்திரம் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, அம்மா" என்றோம். கொஞ்சம் என்று சொன்னோமே, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாயிருக்கிறது.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக் கம்பெனி ஒன்றில் கணக்கு விவகாரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்லியனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு திருப்புளியும், ஒரு பென் டிரைவும். வேறு ஆயுதம் இல்லை.

முதலில் அவள் யந்திரத்தைத் தொடவே இல்லை. வைத்தியர் மாதிரி விசாரித்தாள். விசிறி சுற்றியதா? சுற்றியது. அப்படியானால் மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. "கீச்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டதா? கேட்டது. ஆகவே ராம் என்னும் ஞாபகப் பலகை சரியாக இருக்கிறது. நீளமாகவோ திரும்பத் திரும்பவோ கத்தியிருந்தால் அதைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்ட வேண்டியிருக்குமாம். (கலிகாலத்தில் ராமனுக்கே ரப்பர் வேண்டியிருக்கிறது!) அப்புறம் பெட்டியோடு காதை வைத்துக் கேட்டாள். டிஸ்க் "டக் டக்" என்று தட்டினால் உள்ளே காயம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அந்த க்ஷணமே நிறுத்திவிட்டு, மறுபடியும் போடவே கூடாது. ஒவ்வொரு தடவை போடுவதும் புண்ணைக் கீறுவது போல. நல்ல வேளையாக அந்தச் சத்தம் இல்லை.

"ஏனுங்கய்யா, விண்டோஸ் சின்னம் வருதுன்னீங்களே, அந்தப் படம் எங்கேயிருந்துங்க வருது?"

விழித்தோம்.

"அது டிஸ்க்குக்குள்ளேதானுங்களே இருக்குது! டிஸ்க் போயிருந்தா படம் எப்படிங்க வரும்?"

கடைக்காரனுக்குத் தோன்றாத இந்தக் கேள்வி, ஏழு நாளாக அந்தச் சின்னத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்த நாலு வரி ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். தேதியும் நேரமும் தெரியவில்லை, சீமாஸ் ஏற்பாடுகள் தவறாயிருக்கின்றன, எஃப் 2ஐ அழுத்தினால் பழைய இயல்பு நிலைக்குப் போய்விடுவோம் என்று அதில் விளக்கமாக எழுதியிருந்தது. வருஷா வருஷம் பரீட்சை ஹாலில் நின்று, "கேள்வித்தாளை முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள்" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறவர் நாம்! அவள் எஃப் 1ஐ அழுத்தி உள்ளே போனாள். யந்திரத்தின் கணக்குப்படி அன்று 2009ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி. அது நம் வீட்டுக்கு வருவதற்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையில் காசளவில் ஒரு சிறு பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் சி.ஆர். 2032. இருபது மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் கனம். அந்த அளவுதான் பெயராயிற்று. மூன்று வோல்ட். நாம் யந்திரத்தை நிறுத்தியிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், இன்ன டிஸ்க்கோடு இன்ன முறையில் பேச வேண்டும் என்ற குறிப்பைக் காப்பதும் அதன் வேலை. ஐ.பி.எம். கம்பெனியார் 1984இல் ஏ.டி. என்ற யந்திரத்தை வெளியிட்ட நாளிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. சுவரில் பிளக் இருக்கும்வரை அங்கிருந்து கசியும் சொற்ப மின்சாரமே குறிப்பைக் காப்பாற்றிவிடும். பேட்டரி செத்துப் போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. 2012இல் பேட்டரிக்கு இரண்டு வயது. எத்தனை மணி நேரம் மின்சாரம் போனாலும் தாங்கிற்று. 2018இல் எட்டு வயது. அது எப்போது மாண்டதோ தெரியாது. இரண்டு இரவு தொடர்ந்து மின்சாரம் இல்லாமல் போகவே, குட்டு வெளிப்பட்டது. அவள் கையோடு கொண்டுவந்த சிறு மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஒன்றரை வோல்ட்கூட இல்லை.

குறிப்பு அழிந்ததும் யந்திரம் பிறந்த மேனிக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறவிக் குணம் டிஸ்க்கோடு ஐ.டி.ஈ. என்ற பழைய முறையில் பேசுவது. நம் விண்டோஸை ஏற்றினவர் 2010இல் அதை ஏ.எச்.சி.ஐ. என்ற புது முறைக்கு மாற்றி வைத்திருந்தார். ஆரம்பத்தில் பழைய முறையிலேயே டிஸ்க்கின் தலைப்பைப் படித்துச் சின்னத்தைக் காட்டிவிடுகிறது. விண்டோஸ் தானாகக் காரியத்தைக் கையில் எடுத்ததும், பழகிய பாஷையில் டிஸ்க்கைக் கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை. தான் குடியிருக்கும் வீட்டையே காணோம் என்று நீலத் திரையில் ஓலமிட்டு விழுகிறது. டிஸ்க்கும் சுகம், விண்டோஸும் சுகம். நடுவே இருந்த தரகனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது.

"மாற்றிவிடு, மாற்றிவிடு!" என்று பறந்தோம்.

"இருங்கய்யா. மொதல்ல உள்ளே இருக்கறதை வெளியே எடுத்துக்கலாமுங்க. ரிப்பேரு அப்பறம்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்குப் பத்தாம் வகுப்பில் இன்னும் நாலு மார்க்குச் சேர்த்துப் போட்டிருக்கலாம். அவளுடைய பென் டிரைவில், சென்னை சி-டாக் ஸ்தாபனத்தார் தயாரித்த பாஸ் லினக்ஸ் இருந்தது. அசல் சுதேசிச் சரக்கு! அது தன் காலில் நின்று யந்திரத்தைத் துவக்கியது. நம் டிஸ்க்கில் ஓர் எழுத்தும் எழுதாமல், அதைத் திறந்து காட்டியது. பெரியவரின் பெயரிட்ட பெட்டி இருந்தது. அதற்குள் நாற்பத்தாறு கோப்புகளும் இருந்தன. அவற்றை அவள் வேறொரு டிஸ்க்குக்குப் பெயர்க்கிற வரையில், அரை மணி நேரம், நாம் நாற்காலியில் சாயவில்லை. நம் மனைவி வைத்த காபி ஆறிப் போயிற்று.

மற்றது பெரிய காரியமல்ல. பிளக்கைப் பிடுங்கி, புது பேட்டரி போட்டு, தேதியைத் திருத்தி, ஐ.டி.ஈ. என்றிருந்ததை ஏ.எச்.சி.ஐ. ஆக்கினாள். சின்னம் வந்தது, நீலம் வரவில்லை. மின்சாரம் சட்டென்று நின்றபோது பாதியில் எழுதி விட்டுப்போன கணக்குகளைச் சரிபார்க்க விண்டோஸ் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. பேட்டரியின் விலை நாற்பது ரூபாய். கூலி என்று எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டு, நம் தோட்டத்து முருங்கைக்காய் பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் பெரியவரின் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாம் ஒலிபெருக்கியை வைத்து, அலிபுரம் சிறைக் கதையைப் போட்டோம். அவருடைய இருமல், வெற்றிலை இடிக்கிற சத்தம், பின்னால் மின்விசிறியின் கறகற, எல்லாம் கேட்டது. மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கதை பாதியில் இருக்கும்போது விசிறிச் சத்தம் மெதுவாகத் தேய்ந்து நின்றுபோயிற்று. 2011இல் அன்றைக்கும் மின்சாரம் போயிருக்கிறது. நமக்கு அது மறந்தே போயிருந்தது. கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் பெரியவரின் குரல் தெளிவாக வந்தது:

"கரண்டு போச்சாட்ட இருக்குது. போகட்டும் தம்பி, நாம பேசறதுக்கு எதுக்குக் கரண்டு? கேளுங்க."