கந்தளாயில் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை



உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு துணிப் பை கிடக்கிறதல்லவா? பெருநாள் சட்டை தைத்து மிஞ்சிய சீத்தைத் துண்டு, மகளின் பள்ளிச் சீருடையில் வெட்டி ஒதுக்கிய வெள்ளைத் துணி, நடுவில் கிழிந்துபோன சாரத்தின் நல்ல பாதி, தங்கையின் திருமணத்துக்கு எடுத்த துணியில் ஒரு முழம்... எறியவும் மனம் வராது, எடுத்து என்ன செய்வதென்றும் தெரியாது. வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பையும் நம்மோடு குடிபெயரும்.

அந்தப் பையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முதலில் உங்களைக் கந்தளாய்க்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாருங்கள்!

குளமே ஊராக

ஹபரணையிலிருந்து திருகோணமலை வீதியில் பஸ் ஏறினால் இரு பக்கமும் காடு. மாலை நேரமானால் வீதியோரத்தில் யானைகளையும் காணலாம். காடு முடிந்து வயல்வெளி விரியும் இடத்தில் கந்தளாய் வந்துவிடும். அங்கிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்கள் கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரியும் திருகோணமலைப் பாதையில் வந்து இறங்கலாம். இறங்கியவர்கள் வீதியோரத்துச் சட்டித் தயிரை வாங்காமல் திரும்புவதில்லை!

ஊருக்கு உயிர் கந்தளாய்க் குளம். 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்றும், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அதைப் பெருப்பித்தான் என்றும் வரலாறு கூறுகிறது. குளக்கோட்டன் கட்டியது என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் மரபு. குளக்கட்டின் நீளம் சுமார் 14,000 அடி, உயரம் 50 அடி. அந்தத் தண்ணீரில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என எல்லோருடைய வயலும் விளைகிறது. ஒரு காலத்தில் கரும்பும் விளைந்தது. 1960களில் இயங்கிய சீனி ஆலை 1990களில் மூடப்பட்டதோடு அந்தப் பிழைப்பு போயிற்று.

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முந்திய இருட்டில் அந்தக் குளக்கட்டு உடைந்தது. உறக்கத்தில் இருந்த ஊர் மீது தண்ணீர் பாய்ந்தது. 120க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 1,600க்கும் மேற்பட்ட வீடுகளும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயலும் அழிந்தன. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஆறே நாள். சிங்கள, தமிழ் வீடுகளில் அப்போதுதான் புத்தாடை உடுத்து மடித்து வைத்திருந்தார்கள். நோன்பு பிறக்க ஏறத்தாழ மூன்று வாரம் இருந்தது. முஸ்லிம் வீடுகளில் பெருநாள் துணி பற்றிய பேச்சு தொடங்கும் காலம். புதியது பழையது என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோயிற்று. பின்னர் குளக்கட்டு மீண்டும் கட்டப்பட்டது. இன்று அதன் மேல் நின்று பார்த்தால் அமைதியான நீர்ப்பரப்பும் கீழே பச்சை வயலும்தான் தெரியும்.

பேராற்றில் ஒரு வீடு

கந்தளாயில் முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் ஒன்று பேராறு. அங்கே உறவு முறையில் எனக்குச் சாச்சியாகும் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அசருக்குப் பின் முன்விறாந்தையில் சாச்சியின் உம்மா பாயில் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய போர்வை. நெருங்கிப் பார்த்தால் போர்வை முழுக்கத் துண்டுத் துணிகள்! ஒன்றின் நிறம் ஒன்றுக்கில்லை. எல்லாவற்றின் மீதும் கடுகு கடுகாக ஓட்டுத் தையல்.

வீட்டில் அன்று ஒரு சிறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கத்தாரில் இருக்கும் பேரன் தடித்த புதுப் போர்வை ஒன்று அனுப்பியிருந்தான். “பழையதை இனி எடுத்துப் போட்டால் என்ன? கழுவக் கழுவ நூல் பிரிகிறது” என்பது பேத்தியின் கட்சி. உம்மம்மா வாய் திறக்கவில்லை. போர்வையையும் விடவில்லை.

நான் பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

“இது வெள்ளத்துக்குப் பிறகு தைச்சது, மகள். உடுத்த உடுப்போடதான் தப்பினம். ஆக்கள் குடுத்த உடுப்பைத்தான் அந்தப் பெருநாளைக்கும் உடுத்தினம். அது கிழிஞ்ச பிறகு எறிய மனம் வரல்ல.”

விரலை ஒவ்வொரு துண்டாக நகர்த்தினார். கோடு போட்டது கிண்ணியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த சாரம். மஞ்சள், திருகோணமலையிலிருந்து வந்த ஒரு தமிழ் ஆசிரியையின் சேலை. நீலப் பூப் போட்டது அடுத்த வளவுச் சிங்கள நோனாவின் துணி. சில துண்டுகளைத் தொட்டு, “இது யார்ட எண்டு தெரியா. குடுத்தவங்களுக்கு அல்லாஹ் போதும்” என்று கடந்து சென்றார்.

நாட்டில் போர் மூண்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே!

பேத்தி பேசாமல் எழுந்து உள்ளே போனாள். ஊசிப் பெட்டியோடு வந்தாள். உம்மம்மாவுக்கு இப்போது ஊசிக் காது தெரிவதில்லை. அவள் ஐந்தாறு ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தாள். பிறகு தானும் ஒரு பிரிந்த ஓரத்தை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். புதுப் போர்வை கட்டிலுக்குப் போயிற்று. பழையது உம்மம்மாவின் மடியிலேயே இருந்தது.

கந்தையின் சொந்தங்கள்

இப்படித் தைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமா என்று கேட்டால், இல்லை. உலகமெங்கும் பெண்கள் செய்ததுதான்.

வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். நாம் கந்தை என்கிறோமே, அதன் உறவுச் சொல்! பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத் தையல் போடுவார்கள். நூலுக்குக் கூடச் செலவில்லை. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட நெடுங்கவிதையில், கணவனைப் பிரிந்த ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்க்கைக் கதையையே ஒரு காந்தாவில் தைத்து வைப்பாள். 1971இல் வங்கதேசம் பிறந்த பின் அக்கலை அங்குள்ள ஏழைப் பெண்களுக்கு வருவாயும் ஆனது.

சிந்து மாகாணத்தின் சிற்றூர்களில் இது ரல்லி. அதன் வண்ணக் கட்டங்கள் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழியில் வந்த சித்திகள் வாழ்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு முழுமையடையாத கவந்தி.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்கு வாழ்பவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். மிசூரி பெட்வே என்ற பெண் கணவரை இழந்த பின், 1942இல் அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்துப் போர்வையாகத் தைத்தார். அவர் நினைவில் அதைப் போர்த்திக்கொள்வதற்காகவே தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் பெரிய அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. இத்தாவில் இருக்கும் ஒரு சகோதரியின் நான்கு மாதம் பத்து நாள் எவ்வளவு நீளமானது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பெண் ஏன் ஊசியை எடுத்தார் என்பது சொல்லாமலே புரியும்.

நம் மார்க்கத்திலும் இது தாழ்ந்த வேலையன்று. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், காலணியையும் செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்துத் தர்மம் செய்தவர்கள்.

“உனக்கு வேலையில்லையா?”

சகோதரிகளே! ஊசியும் துணியுமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். பிறர் கேட்காவிட்டால் நம் மனமே கேட்கும். சமைத்தால் வேலை, துவைத்தால் வேலை, மெஷினில் காசுக்குத் தைத்தாலும் வேலை. விருப்பத்துக்குத் தைத்தால் மட்டும் வீண்பொழுதா?

1877இல் சிங்கர் தையல் இயந்திரம் இலங்கைக்கு வந்தது. அது எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெஷினுக்கு அவசரம் உண்டு. கைத் தையலுக்கு அது கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சாண் தைத்தாலும் போதும். அந்தச் சிறு நேரத்தில் மூச்சு சீராகிறது, நாவு திக்ரில் நனைகிறது, பக்கத்தில் வந்து உட்காரும் மகள் தானாகவே மனம் திறந்து பேசுகிறாள். கந்தளாயில் கண்டதும் அதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டும் மேசையிலேயே துணியில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கழிவாகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆடை ஏற்றுமதியை நம்பியிருக்கும் நம் நாட்டில் அது சிறிய குவியலன்று. நம் ஒரு பை அதைக் குறைத்துவிடாதுதான். ஆனாலும் துணியின் அருமை தெரிந்த பிள்ளை, தேவைக்கு மேல் உடுப்பு கேட்காது.

எப்படித் தொடங்கலாம்?

பருத்தித் துணிகளை மட்டும் பிரித்தெடுங்கள். நைலோன், பொலியெஸ்டர் வழுக்கும். பருத்தியோடு சேர்ந்து படியாது. புதுத் துண்டுகளை ஒருமுறை கழுவிக் காயவையுங்கள், பிறகு சுருங்காது. சிவப்பையும் கறுப்பையும் தனியே நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

முதலிலேயே கட்டில் போர்வைக்கு ஆசைப்படாதீர்கள். ஒரு முழச் சதுரத்தில் தலையணை உறை, பிறந்த குழந்தைக்கு ஒரு விரிப்பு, அல்லது இரண்டரை அடிக்கு நான்கடியில் ஒரு முஸல்லா போதும். முஸல்லாவுக்கு உருவமில்லாத, கண்ணை இழுக்காத நிறங்களாகத் தேர்ந்தெடுங்கள். குழந்தை விரிப்புக்குப் பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியே சிறந்தது.

அடியில் பழைய சாரத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். சித்திப் பெண்களைப்போல் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். துண்டின் விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்து வைத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். அடுத்த துண்டு முதல் துண்டின் வெட்டு விளிம்பை மூடும்படி வரட்டும். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே அரை அங்குலம். அப்படியே சுற்றி நடுவுக்கு வாருங்கள். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுத்தால் சிக்கும். மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்காது. தையல் கோணினால் பிரிக்க வேண்டியதில்லை, துவைத்த பின் அதுவும் அழகாகவே படியும். பகல் வெளிச்சத்தில் மட்டும் தையுங்கள். ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இது கட்டாயம்!

வருவாய் தேவைப்படும் சகோதரிகள் விற்கவும் செய்யலாம். கை வேலைக்கு எடுத்த நாட்களைக் கணக்கிட்டு விலை சொல்லுங்கள். துணி இலவசம்தானே என்று உங்கள் உழைப்பையும் இலவசமாக்கிவிடாதீர்கள். ஆனால் முதலாவதை மட்டும் விற்க வேண்டாம். அது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

தைத்து முடிந்ததும் பின்புறத்தில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து, எந்தத் துணி யாருடையது, எந்த ஆண்டு தைத்தது என்று மை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். உங்கள் உம்மாவோ உம்மம்மாவோ இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பையிலுள்ள துண்டுகளில் பாதிக்கு மேல் யாருடையது என்று சொல்ல அவர்களால் மட்டுமே முடியும். இன்ஷா அல்லாஹ், இந்த வாரத்திலேயே அந்தப் பையை அவிழ்த்து அவர்கள் முன் கொட்டுங்கள்!