பெரிய பாதி மேலே

மாமாவின் கராஜ் கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கராஜ் என்று பெயர்தான். ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு புளியமரம், ஒயில் ஊறிக் கறுத்த மண். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் சிறு போத்தல்களில் ஒளித்து வைக்கிற சாமானாகிவிட்டது. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெய் குடித்துப் பழகின. காபரேற்றரின் வாயில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீதியெல்லாம் அணைந்த குப்பிவிளக்கு மணக்கும்.

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. பெற்றோலுக்கு வைத்த நேரத்திலேயே பிளக்கில் பொறி விழுந்தால், மிதிக்கிற நேரம் எஞ்சின் தட்டத் தொடங்கும். விட்டால் பிஸ்டனைத் தின்னும். ஆகவே பொறியைப் பிந்த வைக்கவேணும். டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றுகிற பக்கமாகவே அதன் உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் காணும். அந்தக் காலத்தில் கராஜுக்கு வந்த வேலையில் பாதி இதுதான்.

ஒரு மாஸ்ரரின் மைனர் மட்டும் திரும்ப மறுத்தது. 948 சிசி எஞ்சின், சாம்பல் நிறம். டிஸ்ரிபியூற்றர் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து, அதன் வக்கூம் குழாய் எஞ்சினில் இடித்துக்கொண்டு நின்றது. இனித் திருப்ப இடமில்லை. முன்பு வேறெங்கோ எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்.

மாமா டிஸ்ரிபியூற்றரைக் கழற்றி என் கையில் தந்தார். அதன் அடியில் ஒரு நாக்கு. நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருந்தது. எஞ்சினுக்குள்ளே அதை வாங்கிக்கொள்கிற தண்டின் தலையிலும் அப்படியே ஒதுங்கிய வெட்டு; ஒரு பாதி பெரிது, மற்றது சிறிது. அரைச் சுற்று மாறிப் பூட்ட வழியே இல்லை. செய்தவன் கெட்டிக்காரன் என்று நான் வியந்தேன்.

"மேலை ஒருத்தராலையும் பிழை விடேலாது. பிழை கீழைதான் இருக்கும்," என்றார் மாமா.

கீழே இருக்கிற தண்டைச் சுற்றுவது கேம்ஷாஃப்ற். இரண்டும் சரிவான பற்களால் கௌவிக்கொள்கின்றன. அங்கே ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அது ஒன்றும் சொல்லாமல் பொருந்திவிடும். மேலே நாக்கும் வெட்டும் ஒழுங்காகச் சேர்ந்து எல்லாம் சரி என்று நம்பவைக்கும். அந்த மைனரில் நடந்தது அதுதான்.

முதலாம் பிளக்கைக் கழற்றிவிட்டு, மாமா முன்னால் ஹாண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினார். துளையில் என் பெருவிரல்.

"காத்துத் தள்ளேக்கை சொல்லு."

"தள்ளுது மாமா!"

தள்ளினால் மட்டும் அவருக்குப் போதாது. வால்வுக் கவரைத் திறந்து, நாலாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூட மற்றது திறக்கத் தொடங்குகிற இடத்தையும் பார்த்தார். எஞ்சினின் முன்னாலுள்ள புல்லியில் இருக்கிற வெட்டு, ரைமிங் கவரில் உள்ள பெரிய கூருக்கு நேரே வரும்வரை ஹாண்டிலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். பிறகு தண்டின் தலையில் நீளமான 5/16 அங்குலப் போல்ற் ஒன்றை முறுக்கி, அதைப் பிடித்துத் தண்டை வெளியே உருவினார்.

திரும்ப இறக்குவதுதான் வித்தை. வெட்டைக் கிடையாக, சொட்டுக் கீழே சரித்து, பெரிய பாதி மேலே இருக்கப் பிடிக்கவேணும். பல் கௌவும்போது தண்டு தானாக இடப்பக்கம் சுழன்றபடி இறங்கும். இறங்கி முடிந்ததும் வெட்டு மணிக்கூட்டில் ஒரு மணி காட்டுகிற திசையில் நிற்கவேணும். முதல் தரம் பன்னிரண்டைக் காட்டியது. மாமா பேசாமல் உருவி எடுத்து மறுபடி இறக்கினார். நான் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து "ஒண்டு" என்றேன்.

மிச்சம் சுலபம். பொயின்றுகளுக்கிடையில் சிகரெட் தாள் துண்டொன்றை வைத்து, டிஸ்ரிபியூற்றரின் உடம்பை மெல்லத் திருப்பிக்கொண்டே தாளை இழுத்தார். தாள் விடுபடுகிற இடம் பொயின்ற் திறக்கிற இடம். மின்சாரமே இல்லாத ஊரில் அதைவிட நம்பிக்கையான கருவி கிடையாது. தாள் விடுபட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பிந்த வைத்துப் பிடியை இறுக்கினார். குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே இப்போது தாராளமாக இடம் இருந்தது.

மைனர் இரண்டாவது அடியில் பிடித்தது. மாஸ்ரர் ஒழுங்கை முனைவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். "தட்டேல்லை தம்பி" என்று முகமெல்லாம் சிரிப்பு. மாமா அதற்குள் ஒயில் அளவுகோலை உருவி மூக்கருகே பிடித்திருந்தார். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கியிருந்தது.

"மாஸ்ரர், ஒயிலை மாத்தாமல் ஓடாதேங்கோ. பெயாரிங் போயிடும்."

"மாத்தலாம் தம்பி. ஒயிலுக்கு எங்கை போறது?"