தனியே வைத்த கோப்பை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே ஆசிரியர்கள். 1990 ஒக்டோபரில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போனோம். யுத்தம் முடிந்து திரும்பி வந்து, இப்போது முள்ளிவாய்க்கால் பக்கம் படிப்பிக்கிறோம்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் கேட்டு, சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறோம். 2009 இல் சின்னப் பிள்ளை. காலில் செல் துண்டு பட்ட தழும்பு. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னான்: "சேர், எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மருந்து எடுக்கிறன். இப்ப தொடையில கட்டி வந்து சீழ் எடுத்துப் பார்த்தவை. மருந்துக்கு அடங்காத கிருமியாம். மூக்குக்குள்ளயும் இருக்காம். தங்கச்சியின்ர பிள்ளையை நான் தூக்கலாமோ?"

"தூக்கு தம்பி" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. "டொக்டரிட்டக் கேளு" என்று அனுப்பிவிட்டோம். அவன் போன பிறகு அந்தக் கோப்பை தனியே ஒரு மூலையில் இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

வெட்கம் வந்த பிறகுதான் தேடி வாசித்தோம். தெரிந்த வைத்தியர் ஒருவரிடமும் கேட்டோம்.

அந்தக் கிருமியின் பெயர் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். பத்துப் பேரில் சுமார் மூன்று பேரின் மூக்கில் அது சும்மா குடியிருக்கிறது. உங்கள் மூக்கிலும் இருக்கலாம், எங்கள் மூக்கிலும் இருக்கலாம். அதன் மருந்துக்கு அடங்காத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. மெதிசிலின் என்ற மருந்து வந்து இரண்டு வருடத்துக்குள், 1961 இலேயே, இங்கிலாந்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏழு பேரளவில். காரணம் ஒழுக்கம் அல்ல. எதிர்ப்புச் சக்தி குறைவு, அடிக்கடி ஆஸ்பத்திரி, அடிக்கடி அண்டிபயோட்டிக், தோலில் புண்.

மூக்கில் இருப்பது நோய் அல்ல. புண் வழியாக உள்ளே போனால்தான் கட்டி. இரத்தத்தில் கலந்தால் ஆபத்து. அதற்கும் வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. புண்ணை மூடிக்கட்ட வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். துவாய், சவர அலகு மாறக்கூடாது. நாங்கள் உளூச் செய்யும்போது ஐந்து வேளையும் கை கழுவி மூக்குக்கு நீர் செலுத்துகிறோம். அதனால் இந்தக் கிருமி போய்விடும் என்று சொல்லவில்லை. ஆனால் கழுவும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல.

எச்.ஐ.வி.யோ தூக்கினால், கட்டிப்பிடித்தால், ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது. ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றாது. இலங்கையில் அந்த மருந்து இலவசம்.

2016 இல் குளியாப்பிட்டியவில் தகப்பன் எய்ட்ஸில் செத்தார் என்ற வதந்தியால் ஒரு சின்னப் பையனுக்குப் பள்ளிக்கூடக் கதவு மூடப்பட்டது நினைவிருக்கிறதா? அந்தச் செய்தியைப் படித்து அன்று நாங்களும் கோபப்பட்டோம். ஊரை விட்டு ஒதுக்கப்படுவது எப்படி என்று தெரிந்தவர்கள் வேறு. எங்கள் குசினி மூலையில் ஒரு கோப்பை இருக்கும்வரை அந்தக் கோபத்துக்கு என்ன பெறுமதி?

போன வெள்ளி அவன் வீட்டுக்குப் போனோம். "தூக்கு தம்பி. புண்ணை மூடிக்கொள், கையைக் கழுவு, அவ்வளவுதான்" என்றோம். சிரித்தான். "டொக்டரும் அதைத்தான் சொன்னவர் சேர். நீங்களும் சொல்ல வேணும் எண்டு இருந்தன்." தேத்தண்ணி தந்தான். குடித்தோம்.

யார் அவன் என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு மூலையில் கோப்பை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.