தண்ணீர் குடிக்கும் கல்

குளியலறை வாசலில் அம்மா ஒரு முறை வழுக்கியதும், ஈரச் சாக்கை எறிந்துவிட்டு ஒரு கல் கால்மிதி வாங்கிப் போட்டேன். பெயர்தான் கல். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாசிகளின் ஓடுகள் யுகயுகமாகப் படிந்த மண்ணை அழுத்திச் செய்த பலகை அது. அதன் நுண்துளைகள் நீரைக் குடித்துவிடும். அம்மாவின் பாதச் சுவடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறையும்.

சுத்தம் பார்க்கிறவனாயிற்றே நான்! ஒருநாள் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். துளைகள் அடைத்துக்கொண்டன, சுவடு மறையவில்லை. அம்மா பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகுமாம். ஆனால் 2020-இல் ஜப்பானில் இப்படிப்பட்ட சில பலகைகளில் கல்நார் இருந்ததென்று திரும்பப் பெற்றார்கள். ஆகவே கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு, தூள் பறக்காமல் நனைத்து, லேசாகத் தேய்த்து நிழலில் உலர்த்தினேன்.

மறுநாள் அம்மா மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“என் கால் எங்கேடா?” என்றாள்.