கிழக்கே நீர் பாயும் ஊர்கள்

மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பர். இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மழைமறைவில் அமைந்த பள்ளத்தாக்கு அது. எல்லைப்புற ஊர்களின் வரலாற்றைத் தேடும் என்னை அந்நிலம் மீண்டும் மீண்டும் அழைக்கிறது.

அங்குள்ள மிகப் பழைய சான்று கல்லாலானது. மறையூர்ப் பாறைகளின்மேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளை மக்கள் முனியறை என்கின்றனர். முனிவர் தவமிருந்த அறைகள் என்பது நம்பிக்கை. ஆய்வாளர் அவற்றை ஈமச்சின்னங்கள் என்பர். பின்வந்த வேளாண்குடிகளின் வரலாறோ வாய்மொழியில் வாழ்கிறது: மதுரைச் சீமையை விட்டு மலையேறிய கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்கின்றனர்.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. எனினும் 1956இல் அவை கேரளத்திலேயே நின்றன. பாம்பாறு அக்கோட்டை அறியாது; கிழக்கே பாய்ந்து, அமராவதி வழியே காவிரியைச் சேர்கிறது. மக்களோ வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழப் பழகினர்.

மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் காந்தலூருக்குச் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தேசியத் தங்க விருது கிடைத்தது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால், வெல்லத்துக்குக் கிடைத்த காப்பு, குடியேற்றக் கதைகளுக்கு இல்லை. அவற்றை முழுமையாகச் சொல்லவல்ல தலைமுறை முதுமையில் இருக்கிறது.

அஞ்சுநாட்டில் வேர்கொண்ட நண்பர்களே, வீட்டுப் பெரியவர்களின் பேச்சை இப்போதே ஒலிப்பதிவு செய்து வையுங்கள். கல்திட்டைகள் காத்திருக்கும், அவர்களால் இயலாது.